வலது கை தாங்கும்வரை

"பதினேழு" என்று தனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொல்லிக்கொண்டு, வாகனங்களை மறிக்கும் ஸ்ரொப் பலகையைத் தாழ்த்தியபடி பேபி அன்ரி நடைபாதைக்குத் திரும்புகிறார். கனடாவின் ஸ்காபரோவில் ஓர் ஆரம்பப் பள்ளிக்கு முன்னால், காலையில் நாற்பது நிமிடம், பின்னேரம் நாற்பது நிமிடம் பிள்ளைகளைத் தெருக் கடத்திவிடுவது அவருடைய உத்தியோகம். பதினொரு வருடமாகிறது. ஒரு பிள்ளையின் சப்பாத்து நுனியில்கூட வாகனம் பட்டதில்லை. அறுபத்திரண்டு வயதில் பேபியா என்று சிரிக்கிறவர்கள், அவர் மண் லொறியொன்றை மறித்து நிற்பாட்டுவதைப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

அவர் எண்ணுவது பிள்ளைகளை அல்ல. பலகையை எத்தனை தரம் உயர்த்திய பிறகு வலது கை சோர்ந்து, அது இடது கைக்கு மாறுகிறது என்பதைத்தான். அந்த எண் மஞ்சள் மேற்சட்டைப் பையிலிருக்கும் சின்னக் கொப்பியில் ஏறும். அதை அவர் வேறொருவர் கையில் கொடுத்ததில்லை.

நான்கு வருடத்துக்கு முன்பு இந்த எண்ணிக்கைக்கே வேலை இருக்கவில்லை. மகள் நிரூபா ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கினாள். பின்வளவு பற்றையோடு முட்டி நின்றது. கீரைப் பாத்தி போடலாமென்று அன்ரி முழங்காலளவு புல்லுக்குள் வெறும் செருப்போடு இறங்கினார். எள்ளளவு உண்ணியொன்று காலில் கடித்ததை ஒருவரும் காணவில்லை. பிறகு அந்த இடம் வட்டமாகச் சிவந்தபோது, வீடே கூடிப் பார்த்து, படர்தாமரை என்று தீர்ப்புச் சொல்லி மூன்று கிழமை களிம்பு பூசியது. வட்டம் மறைந்தது, களிம்புக்குப் பேர் வந்தது. மாதங்கள் கழித்து முழங்கால் வீங்கி, தோள் நொந்து, படியேற நடுவில் இரண்டு தரம் குந்தவேண்டி வந்தபோதுதான் அது உண்ணிக்கடியால் வருகிற லைம் நோய் என்று தெரிந்தது. ஒரு மாதக் குளிசையை நாள் தவறாமல் முடித்தார். வீக்கம் வற்றியது. நோவும் களைப்பும் போகவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "உண்ணி கடிச்சு மாடல்லோ படுக்கிறது" என்றவர்களே அடுத்த கிழமை வைத்தியமும் கொண்டுவந்தார்கள். ஒருவர் முடக்கொத்தான் ரசம். ஒருவர் சூட்டுப் போர்வை. சாம்பவி என்ற சிநேகிதி சீனியும் மாவும் பாலும் தள்ளிய பத்தியம். எதையும் அன்ரி பழிக்கவில்லை. ஒரு நேரத்தில் ஒன்று, முப்பது நாள், அதுதான் சட்டம். "ரெண்டை ஒண்டாச் செய்தா எது கேட்டதெண்டு ஆருக்குத் தெரியும்?" தேனீயைக் கொட்டவிடச் சொன்ன அகஸ்ரின் அண்ணையை மட்டும் வாசலோடு அனுப்பிவிட்டார். "உண்ணி கடிச்சது காணும் அண்ணை. தேனீயும் வேணுமே?"

கொப்பி வேடிக்கையாக இருந்தது. எந்த வைத்தியத்துக்கும் முதல் எட்டு நாள் எண் ஏறும். பிறகு பழைய இடத்துக்கே வந்து குந்தும். அன்ரிக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு மாதம் வெறும் சுடுதண்ணீர் குடித்துக்கொண்டு, புது மருந்து எடுக்கிறேன் என்று ஊரெல்லாம் சொன்னார். அந்த மாதமும் எட்டு நாள் ஏறியது. "முகம் தெளிஞ்சிருக்கு பேபி எண்டு சனம் சொல்லச் சொல்ல எனக்கே உசார் வந்திட்டுது." அந்தப் பக்கத்துக்கு அவர் வைத்த தலைப்பு: சும்மா.

அன்ரி கைவிடாமல் விரித்துப் பிடித்த அந்தப் பக்கத்தைத்தான் அவருடைய டொக்டர் நெடுநேரம் பார்த்தார். தனக்கு ஒரு பிரதி வேண்டுமென்றார். இந்தப் பெருமையை அன்ரி கோயிலிலும் சொல்லுவார், மரக்கறிக் கடையிலும் சொல்லுவார். "நோ உண்மையான நோதான் எண்டவர் டொக்டர். ஆனா கனகாலம் மருந்தேத்தினா சுகம் வருமெண்டு ஆராய்ச்சியில காணேல்லையாம், கெடுதிதான் வருமாம்." டொக்டர் சொன்னபடி நேரத்துக்கு நித்திரை, அளந்த நடை, தோளுக்கும் முழங்காலுக்கும் பயிற்சி. அந்தப் பக்கங்களில் எண் எறும்பு ஊருகிறமாதிரி ஊர்ந்தது. நாலு, ஆறு, ஐந்து, ஒன்பது. பனிக்காலத்தில் விழுந்து, பிறகும் ஏறியது. இப்போது பதினெட்டு, பத்தொன்பது.

நிரூபாவுக்கு அது காணாது. அமெரிக்க எல்லைக்கு அப்பால் ஒரு கிளினிக்கில், ஆறு மாதம் கையில் குழாய் வைத்து மருந்தேற்றும் ஏற்பாட்டுக் காகிதங்களோடு நேற்று வந்தாள். போனால் இந்தத் தெருக்கடவை வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

"என்ர வளவிலதானே அம்மா கடிச்சது. ஐ கான்ட் ஜஸ்ட் வாட்ச். சும்மா பாத்துக்கொண்டு நிக்க ஏலாது."

"உண்ணி வீட்டு உறுதிப் பத்திரம் பார்த்தே கடிச்சது?"

மகள் சிரிக்கவில்லை, கண் கலங்கி நின்றாள். நோயை விட இந்தப் பிள்ளையின் குற்ற உணர்வுதான் அன்ரியைக் கொல்லுகிறது.

"நாளைக்குக் காலமை வந்து நில். வலது கையால இருபது தரம் பிடிச்சனெண்டா உந்தப் பேப்பரைக் கிழி. இல்லாட்டிக் கையெழுத்து வைக்கிறன்."

இருபதை அவர் ஒருநாளும் தொட்டதில்லை. வீம்பென்றால் பேபிதான்.

ஆகவே இன்று நிரூபா எதிர்ப்பக்க நடைபாதையில், காகிதங்களை அணைத்தபடி, விரல் மடித்து எண்ணிக்கொண்டு நிற்கிறாள். பதினெட்டு. அன்ரியின் முழங்கை நடுங்குகிறது. பத்தொன்பது, முதுகுப் பை திறந்தபடி ஒரு சிறுமி ஓடிக் கடக்கிறாள். பள்ளி மணி அடிக்கிறது.

தெருவில் இனி ஒரு பிள்ளையுமில்லை. பலகை இன்னும் வலது கையில்தான் இருக்கிறது. அன்ரி மகளைப் பார்க்கிறார். ஒன்று குறைகிறது.

நிரூபா காகிதங்களை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைக்கிறாள். பிறகு நடைபாதை விளிம்பில், முதலாம் வகுப்புப் பிள்ளைபோல இரண்டு காலும் சேர்த்து, கடத்திவிடும்வரை காத்து நிற்கிறாள்.

அன்ரி நடுத்தெருவுக்கு வந்து வலது கையை உயர்த்துகிறார். இரண்டு பக்கமும் கார்கள் நிற்கின்றன. முப்பத்தைந்து வயது மகள் அவசரப்படாமல் நடந்து கடக்கிறாள். அவளுடைய இரண்டாவது காலும் நடைபாதையில் ஏறியபிறகுதான் பலகை இறங்குகிறது.

அன்ரி நடைபாதைக்குத் திரும்பி, சட்டைப்பையிலிருந்து கொப்பியை எடுக்கிறார். திறக்கவில்லை. பேனையோடு சேர்த்து மகளிடம் நீட்டுகிறார்.