இத்தாலிக்காரர் குடித்த காபி

எண்பதுகளின் தொடக்கம். ஆம்பூரில் ஒரு தோல் ஏற்றுமதி அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். வேலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன்.

அப்போதுதான் எங்கள் பக்கம் காபிப் பித்து பிடிக்க ஆரம்பித்திருந்தது. அதுவரை தோல் பதனிடும் ஷாப் என்றால் டீதான். வேலூரில் கொட்டையைக் கண்ணெதிரே வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடை ஒன்று வந்ததும் எல்லாம் மாறிப்போனது. பீபரிக் கொட்டை எவ்வளவு, பிளான்டேஷன் கொட்டை எவ்வளவு என்று பஸ்ஸில்கூட அதே பேச்சு. அந்தப் பித்தில் நான்தான் முதல் ஆள். சிக்கரி கலந்து குடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பாவமாக இருக்கும். அலுவலகத்திலேயே ஒரு பித்தளை ஃபில்டரும், பழைய ஜாம் பாட்டிலில் என் பொடியும் வைத்திருந்தேன். “பேர் எழுதி ஒட்டும்மா” என்று, தோல் பதனிடும் மருந்துகளைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் கெமிஸ்ட் சொன்னபோது, “இந்த வாசனைக்குப் பேர் வேற எழுதணுமா சார்?” என்று சிரித்தேன்.

ஒருநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். இத்தாலியிலிருந்து தோல் வாங்க ஒரு பையர் வருகிறார், முதல் தடவை. அவருக்குச் சரக்கு பிடித்துவிட்டால் ஒரு வருஷத்துக்கு வேலை ஓடும்; பிடிக்காவிட்டால் பாதி ஆட்களை நிறுத்த வேண்டியதுதான்.

“அவங்க ஊர்ல காபின்னா உயிராமே. பால் இல்லாம, கருப்பா, திக்கா குடிப்பாங்களாம். நீதான் பெரிய காபி எக்ஸ்பர்ட்டாச்சே, உன் கையால போட்டுக் கொடும்மா.”

“என்னை நம்பி விடுங்க சார்” என்றேன்.

இத்தாலிக்காரர் வந்த அன்று எனக்கு நல்ல ஜலதோஷம். மூக்கு சுத்தமாக அடைத்துப் போயிருந்தது. அதை யாரிடமாவது சொல்வேனா? பாட்டிலைத் திறந்து, தாராளமாக நாலு கரண்டி போட்டு வெந்நீர் ஊற்றினேன். டிகாக்ஷன் என்றால் அப்படி ஒரு டிகாக்ஷன்! தார் மாதிரி இறங்கியது. மேல் தட்டில் சக்கை என்று சொல்ல ஒன்றுமே இல்லை. கடைக்காரர் நன்றாக நைசாக அரைத்திருக்கிறார் என்று மனதுக்குள் அவரைப் பாராட்டினேன். கருப்புக் காபியை நானே பூப்போட்ட கோப்பையில் கொண்டுபோய் இத்தாலிக்காரர் முன்னால் வைத்துவிட்டு, முதலாளிக்குப் பால் காபி கலக்கத் திரும்பி வந்தேன்.

பாலை ஊற்றினேன். திரிந்தது. காலையில் வந்த பால் திரியுமா? வேறு டம்ளரில் ஊற்றினேன். அதுவும் கட்டி கட்டியாகத் திரிந்தது. சந்தேகம் வந்து டிகாக்ஷனில் ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். வாய் முழுக்க இழுத்துப் பிடித்துக்கொண்டது. பச்சை வாழைக்காயை நூறு மடங்காகக் கடித்த மாதிரி.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன வாரம் கெமிஸ்ட் சாம்பிள் வைக்க ஒரு பாட்டில் கேட்டார். என் ஜாம் பாட்டிலுக்கு ஜோடியை நான்தான் கொடுத்தேன். அலமாரியில் என் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே, அதில் அவர் போட்டு வைத்திருந்தது வாட்டில் பவுடர். மரப்பட்டைச் சாற்றைக் காய்ச்சிச் செய்த பொடி. ஆட்டுத்தோலைப் பதனிட ஊறப்போடுவது. பார்க்க அச்சு அசல் காபிப் பொடிதான்.

ஓடினேன். இத்தாலிக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டிருந்தார். உதடு இரண்டும் உள்ளே போயிருந்தன, கண்ணில் நீர். முதலாளி எதுவும் தெரியாமல், “ஸ்பெஷல் காபி சார்” என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் தலையாட்டிவிட்டு, “வெரி... ஸ்ட்ராங்” என்று எப்படியோ சிரித்து, இரண்டாவது வாய்க்காகக் கோப்பையைத் தூக்கினார்.

ஒரு நொடி தயங்கினேன். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் அது வயிற்றுக்கு என்ன செய்யுமோ? “குடிக்காதீங்க சார்!” என்று தமிழிலேயே கத்திவிட்டேன். பிறகு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன்.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். “யா அல்லா! வாட்டிலா? இன்னாம்மா இப்டி பண்ணிட்ட?”

இத்தாலிக்காரர் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். கூட நின்றிருந்த கெமிஸ்ட் பக்கம் திரும்பி நாக்கை முழுசாக வெளியே நீட்டினார். “நல்லாப் பதனிட்டிருக்கா பாருங்க. ஷூவுக்கு ஆகுமா, பைக்கு ஆகுமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

முதலில் கெமிஸ்ட் சிரித்தார். அப்புறம் முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. வாசல் கடையிலிருந்து டீ வந்தது. அதை இரண்டு கிளாஸ் குடித்த பிறகுதான் இத்தாலிக்காரருக்குப் பேச்சு சரியாக வந்தது. பிறகு நாள் முழுக்கத் தோலை ஒவ்வொன்றாகத் தடவி, மடக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சாயங்காலம் ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். தோல் நன்றாக இருந்தது, அதனால் போட்டார். என் காபிக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

அவர் கார் கிளம்பியதும் முதலாளி, “நாளையிலிருந்து ஆபீஸ்ல டீதாம்மா” என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை திட்டவில்லை.

இன்று மூலைக்கு மூலை காபிக் கடை. என் பேரன்கூட எந்த மலைக் கொட்டை என்று கேட்டுத்தான் குடிக்கிறான். நானும் நல்ல காபியைத் தேடித்தான் போகிறேன். ஆனால் யார் வீட்டிலாவது கொடுத்த காபியைக் குறை சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் மனம் நோகக் கூடாதென்று, கண்ணில் நீரோடு இரண்டாவது வாய்க்குக் கோப்பையைத் தூக்கிய அந்த மனிதரின் முகம் எதிரில் வந்து நிற்கிறது; நான் சத்தமில்லாமல் குடித்துவிடுகிறேன்.