இரண்டாவது தேடலில் கிடைத்த பெயர்

இன்று மதியம் எங்கள் மில்லின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு ருக்மணியம்மா வந்தார். போன மாதம் இறந்துபோன ஃபிட்டரின் மனைவி. கணவரின் பதிவில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

மெயின்பிரேம் என்ற பெரிய கம்ப்யூட்டரின் கோப்பில் ‘ஃபைண்ட்’ கட்டளை கொடுத்து ருக்மணி என்று தேடினேன். இல்லை என்று வந்தது.

“எழுத்து மாத்திப் போட்டிருப்பாங்க கண்ணு. அவரு நம்பர்ல தேடிப் பாருங்க” என்றார்.

அவர் சொன்ன ஃபிட்டரின் பணியாளர் எண்ணை அடித்ததும் கிடைத்துவிட்டது. மனைவி சரோஜா, துடியலூர். ஒரே மகன்.

என் பின்னால் நின்ற சூப்பர்வைசர்தான் அதை உரக்கப் படித்தார். “ஏனுங்கம்மா, உங்களுக்குச் சரோஜான்னு இன்னொரு பேரு இருக்குதுங்களா?”

பிரிவே சிரித்தது.

ருக்மணியம்மா என் பக்கம் குனிந்தார். “அந்தப் பையனுக்கு வயசு போட்டிருக்குதுங்களா கண்ணு?”

“பதினாறுங்க.”

“எங்களுக்குக் கண்ணாலமாகிப் பன்னெண்டு வருசமுங்க” என்று சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

சூப்பர்வைசர் என் தோளைத் தட்டினார். “அரை நிமிசத்துல கண்டுபுடிச்சுப்போட்டியே.”

வேலைக்குச் சேர்ந்த இந்த ஆறு மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. நீங்களாக இருந்தால், இல்லை என்று வந்தபோதே நிறுத்தியிருப்பீர்களா?