மிஷின் ஓடினால் நிஜம்

"'நான் அப்படிச் சொல்லவே இல்ல'ங்காரு மந்திரி. கோட்டுக்காரன் விடுவானா? போன வருஷம் அவரு பேசுன பேச்சை அப்படியே எடுத்துப் போடுதான்!"

சுடிதாரின் கைக்குழியைத் தைத்தபடியே பல்கீஸ் சொல்கிறார். மிஷினை ஒட்டிச் சாய்த்து வைத்த செல்போனில் அவர் குரலும் மிஷினின் கடகடப்பும் சேர்ந்து பதிவாகின்றன. திடீரென்று மிதியிலிருந்து காலை எடுக்கிறார். சத்தம் நிற்கிறது. "அதுக்கு மந்திரி சொல்லுதாரு, 'வாயி என்னுதுதான், பேச்சு என்னுது இல்ல'ன்னு!" சிரித்து முடித்ததும் கால் மறுபடி மிதிக்குப் போகிறது.

காயல்பட்டினத்தில் வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் போய்வரும் ஒடுங்கிய சந்துக்கு முடுக்கு என்று பெயர். பல்கீஸின் முடுக்கில் எல்லோருக்கும் இந்தக் கணக்கு தெரியும். மிஷின் ஓடும்போது அவர் சொன்னால் அது நடந்த செய்தி. நின்றபின் சொன்னால் அது டிவியில் கோட்டுப் போட்டு வரும் நையாண்டிக்காரன் இட்டுக்கட்டியது. இதை யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. "சிரிச்சா கை ஆடும், தையல் கோணிரும். அதான் நிறுத்துறேன்" என்கிறார் பல்கீஸ். நாற்பத்தாறு வயதில் இதுவரை ஒரு தையலையும் சிரிப்புக்காகப் பிரித்ததில்லை.

ஞாயிறு காலை பதினோரு மணிக்கு வரும் அந்த நிகழ்ச்சியைத் தவிர வேறு செய்தி பார்ப்பதில்லை. "மத்ததுல எட்டுப் பேரு ஒண்ணா கத்துறாங்க. இவன் ஒருத்தன்தான் அன்னைக்குச் சொன்னதையும் இன்னைக்குச் சொல்லுறதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டுதான்." அளவு கொடுக்க வந்தவர்கள் செய்தியும் வாங்கிப் போவார்கள். பல்கீஸை அக்கா முறையில் லாத்தா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு பாஹிமாவுக்கு மட்டும் வருத்தம். "லாத்தா, மிஷினை நிறுத்திட்டீங்களே! அப்ப அதுவும் பொய்யா? பெட்ரோல் விலை கொறையுதுன்னு ஒரு நிமிசம் சந்தோசப்பட்டேனே!"

பதிவு போகுமிடம் சவுதியிலுள்ள தம்மாம். பல்கீஸின் கணவர் செய்கு அப்துல் காதிர் அங்கே ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். அவருடைய அறையில் ஐந்து பேர், ஐவரும் இதே வார்டு. சோறு தின்றுகொண்டே கேட்பார்கள், மிஷின் சத்தத்துக்குக் காது கொடுத்து. இந்தத் தேர்தலுக்கு ஐவரும் விடுப்பு வாங்கி, டிக்கெட்டும் எடுத்துவிட்டார்கள். "பதினோரு வருசத்துல முதத் தடவையா ஓட்டுப் போடப் போறேன்ளா" என்று காதிர் போனில் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்.

போன மாதம் ஒரு ஞாயிறு. கோட்டுக்காரன் செத்துப்போன கிழவனாக நடித்தான். வாக்குச்சாவடிக்கு வந்து முறையிடுகிறான்: "எம் பேரு பட்டியல்ல இருக்கு. உசுரோட நிக்கிற எம் மவன் பேரைக் காணோமே!" பல்கீஸ் மிஷினை நிறுத்திச் சொன்னார். தம்மாம் சிரித்தது, முடுக்கு சிரித்தது. ஆனால் அவர் கால் மிதிக்குத் திரும்பக் கொஞ்சம் நேரமானது.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனார். வாக்காளர் வரைவுப் பட்டியலை அங்கேதான் வைத்திருந்தார்கள். அவர் பெயர் இருந்தது. காதிர் பெயர் இல்லை. விரலை வைத்து ஒவ்வொரு பக்கமாகத் தேடினார். மற்ற நால்வரும் இல்லை. மனு கொடுக்க வியாழன் கடைசி நாள், பாஸ்போர்ட் நகல் வேண்டும் என்றார் மேசைக்காரர். பள்ளி வராந்தாவில் நின்றே பதிவு செய்து அனுப்பினார்.

பதிலுக்கு வரிசையாகச் சிரிப்பு முகங்கள் வந்தன. அறையில் இளையவரான ரியாஸ் குரலே அனுப்பியிருந்தார்: "லாத்தா, கோட்டுக்காரனைத் தோக்கடிச்சிட்டீங்க!"

காதிரைக் கூப்பிட்டார். "ஏளா, செத்துப்போன எங்க அப்பா பேரு இருக்கான்னு பாத்தியா?" என்று அவர் உருண்டு சிரித்தார். "நெசமாத்தான் சொல்லுறேன்" என்றார் பல்கீஸ். "கிழவனும் அப்படித்தானே சொன்னான்! லோடு வந்திருக்கு, வைக்கேன்."

பல்கீஸுக்குக் கோபம் வரவில்லை. "அவங்களைச் சொல்லி என்ன? மிஷின் ஓடலையே" என்றபடி முடுக்கு வழியாக விறுவிறுவென்று நடந்தார்.

வீட்டில் புர்காவைக்கூடக் கழற்றவில்லை. மிஷின் முன்னால் உட்கார்ந்து, ஊசியிலிருந்து நூலை உருவினார். துணி இல்லாமல் ஓடும்போது அடியிலிருக்கும் பல்லில் உரசித் தேயாமலிருக்க, துணி அழுத்தும் பாதத்தைத் தூக்கிவிட்டார். போனைச் சக்கரத்துக்கு அருகில் வைத்து மிதித்தார். கடகடப்புக்கு மேலே குரல் எழும்பியது: "உங்க அஞ்சு பேரு பேரும் பட்டியல்ல இல்ல. வியாழக்கிழமை கடைசி. பாஸ்போர்ட்டைப் படம் பிடிச்சு அனுப்புங்க."

முதலில் காதிருடையது வந்தது. கூடவே ஒரு வரி: 'மன்னிச்சிரு.' அடுத்து ரியாஸுடையது. அப்புறம் இன்னொன்று.

சத்தம் கேட்டு பாஹிமா எட்டிப்பார்த்தார். "துணியே இல்லியே லாத்தா, எதைத் தைக்கிறீங்க? சொல்லித்தான் முடிச்சாச்சே!"

"இன்னும் ரெண்டு பேரு வரலை."

நான்காவது வந்தது. பல்கீஸின் கால் நிற்கவில்லை. கண் திரையிலேயே இருந்தது. ஐந்தாவது படம் விழுந்ததும் மிதியிலிருந்து காலை எடுத்தார். மிஷின் நின்றது. அப்புறம்தான் சிரித்தார்.