மாமா கொண்டு வந்த ஸ்னோ

டிசம்பர் மாதம் எங்கள் ஊர் பண்டமாரானில் மழைதான் பெய்யும். பள்ளி விடுமுறை, ஆனால் வெளியே போய் விளையாட முடியாது. அந்த வருஷம் எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு ஆறு. பக்கத்து வீட்டு ஆன்டி கிறிஸ்துவர். அவர் வீட்டில் கிறிஸ்துமஸ் மரம் வைத்து, கிளைக்குக் கிளை பஞ்சைப் பிய்த்து ஒட்டியிருந்தார்கள். "இதான் ஸ்னோ" என்றாள் ஆன்டியின் மகள். "போடி, இது தலகாணிப் பஞ்சு" என்றாள் என் தங்கை. அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது.

நிஜ ஸ்னோவைக் கொண்டு வந்து காட்டினால்தான் இனிமேல் பக்கத்து வீட்டுக்குப் போவேன் என்று தங்கை அழுதாள். அப்போது வீட்டில் இருந்தவர் எங்கள் மாமா, அம்மாவின் தம்பி. துறைமுகத்துக்குப் பக்கத்தில் மீன் வைக்கும் குளிர் கிடங்கில் வேலை செய்தார். முடியாது என்ற வார்த்தை அவர் வாயில் வந்ததே இல்லை.

"ஸ்னோதானே? எங்க எடத்துல செவுரு பூரா அதான்லா. நாளைக்கு மாமா கொண்டாரேன், பாரு."

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்த மாதம் அப்பா சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். முதல் தடவை. லோரி ஓட்டுகிறவருக்கு ஜனவரியில் லீவு கிடைப்பது லேசில்லை. மூன்று வருஷம் கேட்டுக் கேட்டு அந்த வருஷம்தான் கொடுத்திருந்தார்கள். மாலை போட்ட நாளிலிருந்து அம்மாகூட அப்பாவைச் சாமி என்றுதான் கூப்பிட்டார். சட்டி பானையெல்லாம் புதுசு. மீன் வாடைகூட வீட்டுக்குள் வரக்கூடாது என்று அப்பா எங்களிடம் சொல்லியிருந்தார். வந்தால் விரதம் கெட்டுவிடும், மாலையைக் கழற்ற வேண்டும், மலைக்குப் போக முடியாது. எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். மாமாவும் அந்த மாதம் முழுக்க வேலை முடிந்ததும் வெளிக்குழாயில் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்குள் வருவார்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மத்தியானம் மாமாவின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின்னால் ஒரு பெரிய வெள்ளைப் பெட்டி கட்டியிருந்தது. அம்மா ஆன்டிக்கு உதவியாக வடை சுடப் போயிருந்தார். வெளியே நல்ல மழை. பெட்டியை அங்கே திறந்தால் கரைந்துவிடும் என்று மாமா அதை ஹாலுக்கே தூக்கிக்கொண்டு வந்தார்.

மூடியைத் திறந்ததும் வெள்ளையாகப் புகை வந்தது. உள்ளே நிஜமாகவே ஸ்னோ! கிடங்குச் சுவரிலிருந்து சுரண்டி எடுத்தது. அள்ளினால் விரல் மரத்துப் போனது. நடுநடுவே வெள்ளி மாதிரி மினுமினுத்தது. கிறிஸ்துமஸ் கார்டில் தடவியிருக்குமே, அதே போல. தங்கை கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுப் பெண் சண்டையை மறந்து ஓடி வந்தாள்.

மூன்று பேரும் சேர்ந்து ஒரு பொம்மை செய்தோம். கண்ணுக்குப் புளியங்கொட்டை, மூக்குக்குப் பச்சை மிளகாய். தங்கை அதை ஐயப்பன் படத்துக்கு நேர் எதிரே உட்கார வைத்தாள். சாமியும் ஸ்னோ பார்த்ததில்லையாம்.

கொஞ்ச நேரத்தில் பொம்மையின் தலை சரிந்தது. தண்ணீர் ஓடி ஐயப்பன் படத்துக்கு அடியில் போனது. பக்கத்து வீட்டுப் பெண் மூக்கைப் பொத்தினாள்.

"ஸ்னோ ஏன் மீன் நாறுது?"

நான் குனிந்து பார்த்தேன். மினுமினுத்ததெல்லாம் மீன் செதில்.

"எங்க பஞ்சு நாறாது" என்றாள் அவள்.

மாமா முகர்ந்து பார்த்தார். "எனக்கு ஒன்னும் தெரியலயே" என்றார். நாள் முழுக்க அந்த வாடையிலேயே இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் எங்கள் முகத்தைப் பார்த்ததும் அவர் முகமும் மாறிவிட்டது. "ஐயோ, சாமி வர்ற நேரம். செத்தோம்லா!"

மாமா துணியைப் போட்டுத் துடைத்தார். நான் டெட்டால் ஊற்றினேன். தங்கை ஊதுபத்தி பாக்கெட்டை அப்படியே கொளுத்தினாள். பக்கத்து வீட்டுப் பெண் ஓடிப்போய் அவள் வீட்டுப் பவுடர் டப்பாவைக் கொண்டு வந்து தரை முழுக்கக் கொட்டினாள். கடைசியில் மாமா சாம்பிராணி போட்டார். ஹாலில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பா மாலையைக் கழற்றுவது கண் முன்னால் தெரிந்தது.

ஆறு மணிக்கு அப்பா வந்தார். வாசலில் ஒரு நிமிஷம் நின்றார். புகையைப் பார்த்தார், தரையில் பவுடரைப் பார்த்தார், நனைந்த துணியைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்ற மாமாவைப் பார்த்தார். பின்பக்கமாகப் போய்க் குளித்துவிட்டு வந்தார்.

"உள்ள ஒரே சூடா இருக்கு. இன்னிக்குப் பூசைய வெளியில வெச்சிக்குவோம். தம்பி, படத்த எடுத்துக்கிட்டு வா" என்றார்.

"சரி சாமி, சரி சாமி" என்று மாமா பாய்ந்து எடுத்தார்.

கார் நிறுத்தும் கூரைக்குக் கீழே ஐயப்பன் படத்தை வைத்து உட்கார்ந்தோம். விளக்கு ஏற்றும்போது அம்மா வடைத் தட்டோடு வந்தார். வாசலைத் தாண்டி உள்ளே ஒரு கால் வைத்தவர், அப்படியே திரும்பினார்.

"என்ன இது, உள்ள மீ..."

"சாமியே!" என்று அப்பா உரக்கச் சொன்னார்.

அப்படிச் சொன்னால் கேட்டவர்கள் எல்லோரும் பதில் சரணம் சொல்லியே ஆகவேண்டும். "சரணம் ஐயப்பா!" என்றோம். அம்மாவும் சொன்னார். சொல்லி முடித்து மறுபடி வாயைத் திறந்தார்.

"தம்பி, நீ என்னத்த..."

"சாமியே!"

"சரணம் ஐயப்பா!"

"இல்ல சாமி, அந்தப் பொட்டி..."

"சாமியே!"

நான்காவது தடவை அம்மா தட்டை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். அவர் தோள் குலுங்கியது. அம்மாவுக்கும் பக்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். மாமாதான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சரணம் சொன்னார்.

நான் தங்கையின் காதில், "அப்பாவுக்குத் தெரியல" என்றேன். "நான் கொளுத்துன ஊதுபத்தி" என்றாள் அவள், பெருமையாக. அப்பாவின் கழுத்தில் மாலை அப்படியே இருந்தது. எனக்குப் பெரிய நிம்மதி. ஒரு வடையை எடுத்து மடியில் மறைத்து வைத்துக்கொண்டேன்.

மழை சாய்வாக அடித்துச் சாரல் எங்கள் மேலே விழுந்தது. சூடாக இருக்கிறது என்று சொன்ன அப்பா, வெற்றுடம்போடு துண்டை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டார். அவர் கைகளில் மயிர் சிலிர்த்திருந்தது. பல்கூட லேசாக அடித்துக்கொண்டது. அப்பாவுக்கு அருள் வந்துவிட்டது என்று நான் பயந்துபோய், கையைக் கூப்பி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, இன்னும் உரக்கச் சரணம் சொன்னேன்.