கேசட்டில் இல்லாத புல்லாங்குழல்

மில்லிலிருந்து வந்து அப்பா டேப் ரிக்கார்டர் முன்னால் உட்காரும்போது அவருடைய காது மடல்களில் பஞ்சு வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருக்கும். முகம் கழுவினாலும் போகாது. நான் அதை விரலால் உருட்டி உருட்டி எடுக்க, அவர் கூச்சத்தில் கழுத்தைச் சுருக்கிக்கொண்டே பட்டனை அமுக்குவார். தொண்ணூறுகளில் கோயம்புத்தூரில் நாங்கள் குடியிருந்த, ஒரே கூரையில் வரிசையாக ஒட்டிய "லைன் ஊட்டில்" எல்லோரும் சினிமாப் பாட்டுக் கேட்டார்கள். அப்பா ஒருவர்தான் பின்னணி இசைப் பைத்தியம்.

"பாட்டு ஆரு வேணும்னாலும் போடலாங் கண்ணு. படத்துல சனம் பேசறப்ப ஒதுங்கி நின்னு, பேச்சு நின்னதும் உள்ள வருது பாரு, அதுதான் மனசுல நிக்கும்" என்பார். அவருக்கு உயிர் ஒரு படத்தில் வரும் இரண்டு நிமிட இசை. மகனைப் பறிகொடுத்த ஒருத்தி வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருவில் நடந்துபோவாள், வசனமே கிடையாது, அடியில் தவில் மெதுவாக நடக்க, மேலே ஒரு புல்லாங்குழல் வந்தும் வராமலும் கேட்கும். கதையை மறந்துவிட்டேன். அந்த இசை மட்டும் போகவில்லை. நம்மை அழச் சொல்லாமல் அவள் கூடவே நடந்து போனதால்தான் என்று இன்று தோன்றுகிறது.

காந்திபுரத்தில் ஒரு ரிக்கார்டிங் கடையில் எழுதிக் கொடுத்தால் வேண்டியதைக் கேசட்டில் பதிந்து தருவார்கள். அங்கே பதிந்த கேசட்டை இரண்டு வருடம் ஓட்டித் தேய்த்துவிட்டோம் என்று அப்பா புதிதாக ஒன்று பதிந்து வந்தார். போட்டுப் பார்த்தவர் பாதியில் நிறுத்தினார். "தவில் கேக்குது, புல்லாங்குழலக் காணமே. உனக்குக் கேக்குதா கண்ணு?"

எனக்குத் துல்லியமாகக் கேட்டது. ஆனால் நான், "இல்லீங்கப்பா" என்றேன். பதினோரு வயது. கேசட் சரியில்லை என்றால் "மறுக்கா" பதியப் போக வேண்டும், போனால் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம், கடைக்குப் பக்கத்து பேக்கரியில் சூடாகத் தேங்காய் பன். அவ்வளவுதான் காரணம். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

போனோம். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் திரும்பப் பதிந்தார். அதிலும் அப்பாவுக்குப் புல்லாங்குழல் வரவில்லை. மறுபடியும் என்னைக் கேட்டார், மறுபடியும் இல்லை என்றேன். மூன்றாம் முறை கடைக்காரர், "நல்லாத்தானுங்க இருக்குது. பாப்பா, நீயே கேட்டுச் சொல்லு" என்று ஹெட்போனை என் தலையில் மாட்டினார். புல்லாங்குழல் அவ்வளவு பக்கத்தில் அதுவரை கேட்டதில்லை. அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இல்லை என்று தலையசைத்தேன்.

"உங்களை நம்பி வந்தனுங்க. புல்லாங்குழல உட்டுப்போட்டு ஏமாத்தறீங்களே, இது நல்லா இருக்குதுங்களா?" என்று கடை நிறைய ஆள் இருக்கும்போது அப்பா கேட்டார். கோபத்திலும் அவருக்கு மரியாதை போகாது. கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதன்பின் நாங்கள் அங்கே போகவில்லை.

மிஷின் இரைச்சலில் காது மந்தமானவர்கள் வாய்விட்டுக் கேட்டால் மில்லில் அவர்களை இரைச்சல் இல்லாத நூல் கட்டும் குடோனுக்கு மாற்றிவிடுவார்கள். அப்பாவுக்குத் தெரிந்து இரண்டு பேர் அப்படிப் போனார்கள். எனக்குக் கேட்கிறது என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் அம்மா மறுநாளே அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பாள். கேசட்டில்தான் குறை என்று நம்பிய அப்பா அதே இரைச்சலில் இன்னும் ஏழு வருடம் நின்றார். நான் காலேஜுக்குப் போகும்போது, வாசலில் நின்று கத்தினாலும் அவர் திரும்பவில்லை.

மில் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். ரிக்கார்டிங் கடையில் செல்போன் உறை விற்கிறார்கள். அந்த இசை என் போனில் இருக்கிறது, நான் போடுவதில்லை. அப்பாவிடம் எதைச் சொல்வதானாலும் நோட்டில் எழுதித்தான் காட்டுகிறோம்.

போன மாதம் அலமாரியை ஒழிக்கும்போது அந்தக் கேசட் அகப்பட்டது. அப்பா அதைத் துடைத்து, தன் குரல் தனக்கே கேட்காததால் உரக்கச் சொன்னார்: "காது நல்லா இருந்தப்பவே இதை ஒழுங்காக் கேக்க முடியாமப் போச்சு கண்ணு. அந்தக் கடைக்காரன் ஏமாத்திப்போட்டான். உனக்கும் கேக்கலதான?"

நோட்டும் பேனாவும் என் கையில்தான் இருந்தன. கேட்கவில்லை என்று தலையசைத்தேன்.