காய்ந்திருந்த கயிறு

என் மேசை இழுப்பறையில் ஒரு முழச் சிவப்பு ராஃபியா கயிறு பதினோரு வருடம் கிடந்தது. பார்சல் கட்டும் கயிறுதான், எந்தக் கடையிலும் கிடைக்கும். ஜார்ஜ் டவுனுக்குள்ளேயே மூன்று வீடு மாறினோம். ஒவ்வொரு முறையும் பழசையெல்லாம் கழித்துக்கட்டிய என் மனைவி அதையும் குப்பையில் போடப் போனபோது கத்திவிட்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். நான் கோழை.

அது அத்தானுடைய கயிறு. அக்காவின் கணவரான அவர், பிறை நகரில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்ப்பவர். வாரத்தில் ஆறு நாள் இரைச்சலில் நின்றவருக்கு நீண்ட விடுமுறை கிடைத்தால் மலைதான். பட்டர்வொர்த்தில் ஆபீஸ் நாற்காலியே கதி என்று கிடந்த என்னையும் இழுத்துக்கொண்டு போவார். கார் போகும் பாதை முடிந்த இடத்திலிருந்து நான்கு மணி நேரம் ஏற வேண்டும். அவ்வளவு உயரத்தில், இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஒடுங்கி ஓடும் ஓர் ஆறு. அங்கே போன் எடுக்காது. கூடாரமும் இல்லை, கேஸ் அடுப்பும் இல்லை. மேலே கட்ட ஒரு கன்வாஸ், ஒரு பாராங்கத்தி, ஒரு சட்டி, இரண்டு தட்டு, கொஞ்சம் அரிசி, நெத்திலி. "இங்க வந்தாத்தான் மச்சான் என் காது தூங்குது" என்பார். நான் கண்டது முதுகுவலிதான்.

போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாகத் தண்ணீர் ஓரத்தில் ஒரு மூங்கில் குச்சியை நட்டு, கணுக்கால் உயரத்தில் அந்தக் கயிற்றைக் கட்டுவார். இரண்டு சுற்று, ஒரு முடிச்சு. மேலே எங்கோ மழை கொட்டினாலும் நமக்கு இங்கே வெயிலடிக்கும். ஆறு முதலில் மெல்ல ஏறும், பிறகு ஒரே மூச்சில் வந்துவிடும். மலாய்க்காரர்கள் அதைத் தண்ணீரின் தலை, கெப்பாலா ஆயேர், என்பார்கள். "கயிறு நனைஞ்சா சட்டி பானையெல்லாம் பாக்காதலா. மேல ஏறிடு." திரும்பும்போது கயிற்றை அவிழ்த்துப் பர்சில் வைத்துக்கொள்வார்.

கடைசியாகப் போனபோது காலையில் தூறிவிட்டு வெயில் வந்திருந்தது, ஆனால் விறகெல்லாம் ஈரம். மத்தியானம் குச்சியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அத்தான் கன்வாஸுக்குக் கீழே கண்ணயர்ந்தார். சோறு பாதி வெந்திருக்கையில் நெருப்பு அணையப் பார்த்தது. சுற்றிலும் காய்ந்திருந்தது வெயிலில் நின்ற அந்த மூங்கில் ஒன்றுதான். பிடுங்கினேன். கயிற்றை அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மூங்கிலை முறித்து அடுப்பில் வைத்தேன். சாப்பிட்டதும் வேறொன்று நட்டுவிடலாம் என்று நினைத்தேன். எனக்குப் பசி.

அத்தான் விழித்தார். படுத்தபடியே கேட்டார்: "மச்சான், கயிறு நனைஞ்சிருச்சா?"

"இல்ல அத்தான். காஞ்சுதான் இருக்கு."

திட்டுவாரே என்ற பயம், வேறொன்றுமில்லை. அவர் என்னை நம்பி எழுந்து, சாப்பிடுவதற்குத் தட்டுகளைக் கழுவ நடு ஆற்றுப் பாறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் இலைகள் மிதந்து வந்தன. பிறகு தண்ணீர் தேநீர் நிறமானது. பிறகு சத்தம். அவர் நிமிர்ந்து முதலில் பார்த்தது குச்சி இருந்த இடத்தை. அங்கே ஒன்றுமில்லை. பிறகு என்னைப் பார்த்தார். "ஏறு மச்சான்!" என்று கத்தினார். நான் ஏறினேன். திரும்பிப் பார்த்தபோது அந்தப் பாறையே தெரியவில்லை.

வீட்டில் தண்ணீர் வெட்டு முடிந்து குழாய் சீறி, பழுப்பாகக் கொட்டும்போதெல்லாம் இன்றும் நான் குளியலறையை விட்டு வெளியே வந்துவிடுவேன். அந்தப் பார்வை அங்கேயும் வரும்.

குச்சியைப் பிடுங்கியதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் மெழுகுவர்த்தி ஏற்றும்போது அக்கா அதையேதான் சொல்வாள்: "ஒரு குச்சியப் பாக்கத் தெரியல இந்த மனுஷனுக்கு. வீட்டுல ரெண்டு பேரு இருக்கோம்னு நெனப்பே இல்ல." நான் சுடரைக் காற்றுக்கு மறைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். போன வருடம் அவள் மகளும் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அப்பா கேர்லெஸ்லா மாமா. என்ன செய்ய?"

அதைத்தான் தாங்க முடியவில்லை. இந்த வருடம் கயிற்றை எடுத்துக்கொண்டு போய், கல்லறைக்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அக்கா திட்டவில்லை. "கயித்தப் பத்தி அவரு கேட்டாரா?" என்றாள்.

"கேட்டாருக்கா. கண்ண முழிச்சதும் கேட்டாரு."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "கேட்டிருக்காருடி, உங்கப்பா கேட்டிருக்காரு" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினாள். கயிற்றைக் கொடுத்தேன். சிலுவையில் கட்டினாள், இரண்டு சுற்று, ஒரு முடிச்சு. "நீ போ" என்றாள்.

அன்றிலிருந்து அவள் என் போனை எடுப்பதில்லை. நேற்று நல்ல மழை. மழை விட்டதும் தனியாகக் கல்லறைக்குப் போனேன். சிலுவையில் கயிறு சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாருமில்லை.

"நனைஞ்சிருச்சு அத்தான்" என்றேன்.