எனக்கு மட்டும் உதவிய படிப்பு

என் அறுவைச் சிகிச்சைக்குக் காப்புறுதிப் பணம் கிடைக்காது என்று தெரிந்ததும், அந்தக் காப்புறுதியை எனக்கு விற்ற இன்சூரன்ஸ் ஏஜெண்டிடம் போய்க் கேட்டேன். "கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி படிச்சுப் பாக்கலையாக்கா?" என்றான். படிக்கவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டபின் நான் எதையுமே படித்ததில்லை.

அதன் பிறகுதான் ஈப்போ நகரத்து லிட்டில் இந்தியா கடைத்தெருவில், சேமிப்பைப் பற்றிய ஒரு தமிழ்ப் புத்தகம் வாங்கினேன். கையுறைத் தொழிற்சாலைக்குப் போகும் பஸ்ஸில் தினமும் சில பக்கங்கள். முதலில் ஒரு பக்கம் முடிவதற்குள் தூக்கம் வந்துவிடும். "என்னக்கா, இந்த வயசுல பரீட்சையா?" என்று பின் சீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள். மெல்லப் பழகிவிட்டது. வட்டி எப்படி ஏறுகிறது, லாபம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்தது. சம்பளத்தில் கொஞ்சம் ஒதுக்கவும் கற்றுக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில், ஆயர் தாவாரில் இருந்த என் அண்ணன் ஒரு தங்க முதலீட்டுத் திட்டத்தில் சேர்ந்தார். நாங்கள் முன்பு குடியிருந்த ரப்பர் தோட்டத்து ஆட்களையும் சேர்த்துவிட்டார். ஈப்போ ஹோட்டல் ஒன்றில் நடந்த கூட்டத்துக்கு என்னையும் அழைத்துப் போனார். மேடையில் பேசியவர் கேள்வி உண்டா என்றார். எழுந்தேன்.

"மாசாமாசம் கொடுக்குற காசு எதுலேருந்து வருது? தங்கம் வித்த லாபமா, புதுசா சேருறவங்க கட்டுறதா?"

அவர் சிரித்துக்கொண்டே அடுத்த ஆளைக் கைகாட்டினார். வெளியே காருக்குப் பக்கத்தில் வந்ததும் அண்ணன், "நாலு புக்கு படிச்சிட்டு என் மானத்த வாங்கிட்ட லா," என்றார்.

"அண்ணே, போட்ட காச எடுத்துருங்க."

"ஒனக்குப் பொறாம."

அடுத்த வருஷம் அந்தத் திட்டத்தை நடத்தியவர்களின் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. அண்ணன் வீட்டை விற்றார். தோட்டத்து ஆட்கள் அவரிடம் பேசுவதை நிறுத்தினார்கள். அவர் என்னிடம் பேசுவதை நிறுத்தினார்.

தாப்பாவில் ஒரு கல்யாணத்தில் அண்ணி மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஒனக்குத் தெரிஞ்சிருக்கு. கையப் பிடிச்சி இழுத்தாச்சும் நிறுத்தியிருக்கலாம்ல," என்றார்.

சொன்னது நான் என்பதால்தான் அண்ணன் கேட்கவில்லை. அதையே கோட்டுப் போட்ட ஒருவர் மேடையில் நின்று சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்.

இப்போது எனக்குச் சொந்தமாக ஒரு சின்ன ஃபிளாட் இருக்கிறது. தீபாவளிக்கு யாரும் வருவதில்லை. போன மாதம் அண்ணிக்கு ஒரு புத்தகம் வாங்கித் தபாலில் அனுப்பினேன். பிரிக்காமலே திரும்பி வந்தது. மேலே என் முகவரி அண்ணன் கையெழுத்தில் இருந்தது.